வில்லுப்பாட்டில் திறக்கும் வாய் ஆங்கில வகுப்பில் ஏன் மூடிக்கொள்கிறது?

தாராவியில் தலைமுறை தலைமுறையாக வாழும் திருநெல்வேலிக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. அங்கே கடை வைத்திருக்கும் நம்ம ஊர் அண்ணாச்சியின் இந்தியைக் கேட்டால் ஆண்பால் பெண்பால் எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். ஆனால் பேச்சு நிற்காது. சரக்கு வாங்குவார், பாக்கியைக் கேட்பார், போலீஸ்காரரிடம் வாதாடுவார். கடையநல்லூரிலிருந்து அந்தக் காலத்தில் சிங்கப்பூர் போனவர்கள் மலாய் பேசக் கற்றுக்கொண்டார்கள். செங்கோட்டைப் பக்கத்து வியாபாரிகளுக்கு மலையாளம் ஒரு தடையே இல்லை. இவர்களில் பெரும்பாலோர் அந்த மொழிகளுக்கு ஒரு நாள்கூட வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இல்லை.

அதே வீட்டுப் பிள்ளை ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கும் வாங்குகிறது. அப்புறம் கல்லூரிக்கு வந்து, "உன்னைப் பற்றி இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்லு" என்றால் எழுந்து நின்று தரையைப் பார்க்கிறது. ஏன் என்று கேட்டால் ஊர் முழுக்க ஒரே பதில்தான்: "தன்னம்பிக்கை இல்லை." பாளையங்கோட்டைப் பக்கம் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிற எனக்கு இந்தப் பதில் பாதிதான் சரி என்று படுகிறது. எந்தப் பாதி என்பதில் நம் பிள்ளைகளின் எதிர்காலம் கொஞ்சம் அடங்கியிருப்பதால், ஆய்வாளர்கள் இதைப் பற்றி என்ன கண்டிருக்கிறார்கள் என்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஒருவர் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் மதிப்பைத்தான் உளவியலில் சுயமதிப்பு என்கிறார்கள். அதை அளக்க மாரிஸ் ரோசன்பர்க் 1965இல் பத்து வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோலை உருவாக்கினார். "மொத்தத்தில் எனக்கு என்மேல் திருப்தி இருக்கிறது" என்கிற மாதிரியான வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு தூரம் ஒப்புக்கொள்கிறோம் என்று குறிக்க வேண்டும். உலகம் முழுக்க இன்றும் அதிகம் பயன்படுவது இந்தப் பத்து வாக்கியங்கள்தான். மொழி கற்பவர்களைப் பற்றிய ஆய்வுகளிலும் பெரும்பாலும் இதைக் கொடுத்துவிட்டு, அதே மாணவர்களுக்கு ஒரு பேச்சுத் தேர்வும் வைத்து, இரண்டு மதிப்பெண்ணும் சேர்ந்து ஏறுகிறதா என்று பார்ப்பார்கள்.

1979இல் அடிலெய்ட் ஹைட் என்கிற ஆய்வாளர் இதில் ஒரு படி மேலே போனார். பிரெஞ்சு கற்றுக்கொண்டிருந்த அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை எடுத்துக்கொண்டு, சுயமதிப்பை மூன்று அடுக்காகப் பிரித்து அளந்தார். முதலாவது, "நான் மதிப்புள்ள ஆள்" என்கிற பொதுவான எண்ணம். இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட சூழலில் தன்னைப் பற்றி இருக்கிற எண்ணம். வேலையிடத்தில், வீட்டில், மொழி வகுப்பில் என்று இது மாறும். மூன்றாவது, கையில் இருக்கிற இந்த ஒரு வேலையைப் பற்றியது, அதாவது "இப்போது இந்தப் பேச்சை என்னால் பேச முடியும்" என்பது. மூன்றுக்கும் வாய்மொழித் திறனோடு தொடர்பு இருந்தது. ஆனால் வலுவான தொடர்பு மூன்றாவதற்குத்தான்.

இந்த மூன்றடுக்கு நம் வகுப்பறைக்கு அப்படியே பொருந்துகிறது. முக்கூடல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மாணவர் வந்தார். சித்தப்பா நடத்தும் வில்லுப்பாட்டுக் குழுவில் அவரும் உண்டு. கொடை விழாவில் ராத்திரி முழுக்க முத்துப்பட்டன் கதை ஓடும். நடுவில் சித்தப்பாவுக்குத் தொண்டை கட்டினால் இவர் கதையை எடுத்துக்கொள்வார். ஊரே கூடியிருக்கிற கூட்டத்தில், கையில் தாள் இல்லாமல், கேட்பவர்களை அழவைத்துச் சிரிக்கவைக்கத் தெரிந்தவர். அவரிடம் போய், "உனக்கு உன்மேல் மதிப்பு இல்லை" என்று யார் சொல்ல முடியும்? மேடைக் கூச்சம் என்றும் சொல்ல முடியாது. அதே ஆள் வகுப்பில் எழுந்து, "மை நேம் ஈஸ்..." என்று தொடங்கி, "ஐ ஆம் கம்மிங் ஃப்ரம்..." என்று ஊர்ப்பேரைச் சொன்னார். பின்வரிசையில் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். முதல் அடுக்கு அவரிடம் உறுதியாகவே இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும்தான் இல்லை. அந்த இரண்டும் அவருக்குள்ளேயே முளைத்துவிடுகிற விஷயங்கள் அல்ல, அந்த அறையில் உள்ள மற்றவர்களும் சேர்ந்து கொடுக்க வேண்டியவை.

பேச்சு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் அந்தச் சிரிப்பு என்ன செய்தது என்பது புரியும். வில்லெம் லெவெல்ட் என்கிற உளமொழியியலாளர் 1989இல் இதைப் படிப்படியான வேலைகளாகப் பிரித்து விளக்கினார். என்ன சொல்வது என்று முடிவுசெய்கிறோம், அதற்குச் சொல்லும் இலக்கணமும் தேடிக் கோக்கிறோம், வாயால் ஒலிக்கிறோம், சொன்னது சரிதானா என்று நாமே காது கொடுத்துக் கண்காணிக்கிறோம். தாய்மொழியில் நொடிக்கு இரண்டு மூன்று சொல் என்கிற வேகத்தில் இது நடக்கிறது, காரணம் நடுவில் உள்ள வேலைகள் கவனத்தைக் கேட்பதே இல்லை. புது மொழியில் ஒவ்வொரு சொல்லையும் தேட வேண்டும், வினைமுற்றை யோசித்துப் போட வேண்டும். எல்லாமே கவனத்தைத் தின்னும். மனதில் ஒரே நேரத்தில் வைத்து வேலைபார்க்கக்கூடிய இடமோ சின்னது. பதற்றம் அந்தச் சின்ன இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று 1992இல் ஐசென்க், கால்வோ இருவரும் விளக்கினார்கள். "சிரிப்பானுவளோ" என்கிற ஒரு எண்ணம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தால், வினைச்சொல்லைத் தேட வேண்டிய இடம் அதற்குப் போய்விடுகிறது. பேச்சு தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தைக் கேட்பவர்கள் அறியாமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பேசுகிறவரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார். அடுத்த முறை எழுந்திருக்கும்போது பயம் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்.

1986இல் ஹார்விட்ஸ் என்கிற ஒரே பெயர்கொண்ட இரண்டு ஆய்வாளர்களும் கோப் என்பவரும் சேர்ந்து, அயல்மொழி வகுப்பில் வருகிற பதற்றத்தைத் தனியாக அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். பொதுவாகவே பயந்த சுபாவம் என்பது வேறு, மொழி வகுப்பில் மட்டும் வருகிற இந்தப் பதற்றம் வேறு என்பதுதான் அவர்கள் சொன்னதில் முக்கியமானது. பேசுவதில் உள்ள அச்சம், தேர்வு அச்சம், மற்றவர்கள் தன்னைத் தாழ்வாக எடைபோடுவார்களோ என்கிற அச்சம் ஆகிய மூன்றோடும் அதை அவர்கள் தொடர்புபடுத்தினார்கள்.

நம்ம பக்கத்தில் மூன்றாவது அச்சம்தான் ஆளைக் கொல்கிறது. அதற்கு இரண்டு முனை இருப்பதால்தான் இவ்வளவு கூர்மை. தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள். சரியாகப் பேசினால், "ஏல, பீட்டர் விடுதான் பாரு" என்பார்கள். இரண்டுக்கும் தப்பிக்க ஒரே வழி வாயை மூடிக்கொள்வது. இதைச் சோம்பல் என்றோ ஆர்வமின்மை என்றோ ஆசிரியர்கள் எழுதிவைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த இடத்தில் பேசாமல் இருப்பது புத்திசாலித்தனமான முடிவுதான். ஆங்கிலம் பேசுகிற பையன் தன் கூட்டத்தை விட்டு விலகிப்போகிறான் என்று கூட்டாளிகள் நினைக்கிறார்கள். அவனுக்கும் அந்த நினைப்பு உண்டு. ஆலங்குளம், வள்ளியூர், ராதாபுரம் என்று ஒவ்வொரு பக்கமிருந்தும் பேருந்தில் சேர்ந்து வந்து சேர்ந்து போகிற பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டுதான் எல்லாமே. நாலு வாக்கிய ஆங்கிலத்துக்காக அதை யாரும் பணயம் வைக்க மாட்டார்கள்.

இதில் சாதியை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றின் நிறம் பார்த்துப் பக்கத்தில் உட்காருகிற வகுப்பில், ஒருவர் தடுமாறும்போது வருகிற சிரிப்பு இலக்கணப் பிழைக்கான சிரிப்பு மட்டும்தான் என்று நம்ப என்னால் முடியவில்லை. யார் யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பது வகுப்புக்கு வெளியிலேயே முடிவாகிவிடுகிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளை அந்தக் கணக்கை எல்லோரையும்விட நன்றாக அறிந்திருக்கிறது. ஆங்கிலத்துறை மட்டும் தனியாக இதைச் சரிசெய்துவிட முடியாது. ஆனால் தன் வகுப்பில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதை ஆசிரியர் முதல் நாளே சொல்லி, அதை விடாமல் காப்பாற்றலாம். பேச்சுப் பயிற்சியின் முதல் பாடமே அதுதான் என்பேன்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்தின் பழைய கதை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. ஜெர்மானிய மிஷனரியான ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்து ஐம்பது வருடம் இங்கேயே வாழ்ந்தார். போப் சாயர்புரத்தில் இருந்தார். மூவரும் பெரியவர்களான பிறகு தமிழ் கற்று, நம் ஊர்க்காரர்கள் முன்னால் நின்று தமிழில் பேசியவர்கள். தொடக்கத்தில் அவர்கள் தடுமாறியிருந்தாலும் அந்தத் தடுமாற்றம் அவர்களுடைய மதிப்பை ஒரு துளியும் குறைத்திருக்காது, அவர்கள் துரைமார். இன்றும் வெள்ளைக்காரர் ஒருவர் நெல்லையப்பர் கோவில் வாசலில் நின்று இரண்டு வார்த்தை தமிழ் பேசினால் கூட்டம் கூடிப் பாராட்டுகிறது. நம் பிள்ளை இரண்டு வார்த்தை ஆங்கிலம் தப்பாகப் பேசினால் நாமே சிரிக்கிறோம். தப்பு செய்கிற உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

சரி, அப்படியானால் சுயமதிப்பை உயர்த்திவிட்டால் பேச்சு வந்துவிடுமா? அப்படித்தான் பலர் நம்புகிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை அரங்கில் எல்லோரையும் உட்காரவைத்து, ஊக்கப் பேச்சாளர் ஒருவரை அழைத்து, "என்னால் முடியும்" என்று கைதூக்கிச் சொல்லவைப்பது எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது. அமெரிக்காவில் இதைப் பெரிய அளவிலேயே செய்து பார்த்தார்கள். கலிஃபோர்னியா மாநிலம் 1986இல் சுயமதிப்பை வளர்ப்பதற்கென்றே அரசுக் குழு ஒன்றை அமைத்தது. பிற்பாடு 2003இல் ராய் பாமைஸ்டரும் மூன்று சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் படித்துப் பார்த்தார்கள். சுயமதிப்பு உயர்ந்தால் படிப்பு உயரும் என்பதற்கு அவர்களுக்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. நன்றாகப் படித்ததன் விளைவாகச் சுயமதிப்பு உயர்கிறது என்பதற்கே ஆதாரம் கூடுதலாக இருந்தது. வெறுமனே சுயமதிப்பை ஏற்றிவிடும் திட்டங்களால் மதிப்பெண் ஏறவில்லை.

சுயமதிப்பையும் பேச்சுத் திறனையும் இணைக்கிற ஆய்வுகளைப் படிக்கும்போதும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன என்பதால் ஒன்று மற்றொன்றை ஏற்றியது என்று ஆகிவிடாது. நன்றாகப் பேசுகிறவருக்குத் தன்மேல் மதிப்பு வந்திருக்கலாம். ஆங்கிலம் புழங்கும் வீட்டில் பிறந்தவருக்கு இரண்டுமே சேர்ந்து கிடைத்திருக்கலாம். என் கணிப்பில் இரண்டும் மாறிமாறி ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஆனால் ஆசிரியர் கைவைக்கக்கூடிய இடம் ஹைட் சொன்ன மூன்றாவது அடுக்குதான்: இந்த ஒரு பேச்சு, இந்த ஐந்து நிமிடம்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஒரு வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்கிற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று அவர் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து ஜெயித்த அனுபவம் அவற்றில் வலுவானது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அடுத்தது. பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்து உடல்நிலை மனநிலை ஆகியவை மற்ற இரண்டும். அரங்கில் கைதூக்கிச் சொல்வது மூன்றாவது ஊற்றோடு நின்றுவிடுகிறது. தன் ஊரிலிருந்து, தன் அரசுப் பள்ளியில் படித்துப் போன அக்கா ஒருத்தி பெங்களூரில் எப்படித் திக்கித் திக்கிப் பேசி வேலையைப் பிடித்தாள் என்று அவளே வந்து சொன்னால் இரண்டாவது ஊற்றும் திறக்கும். அப்படிப்பட்டவர்களை நம் கல்லூரிகள் ஏனோ அழைப்பதில்லை; மேடைக்குக் கோட்டு போட்டவர்தான் வேண்டியிருக்கிறது.

முதல் ஊற்றுக்கு எனக்குத் தெரிந்து நன்றாக வேலைசெய்கிற ஒரு முறை, ஒரே விஷயத்தை நான்கு, மூன்று, இரண்டு நிமிடம் என்று மூன்று தடவை சொல்லவைப்பது. கீத் மாரிஸ் 1983இல் அறிமுகப்படுத்தியது இது. பிறகு 1989இல் பால் நேஷன் ஆராய்ந்து எழுதினார். மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரிக்க வேண்டும். ஒருவர் நான்கு நிமிடம் பேசுவார், மற்றவர் குறுக்கிடாமல் கேட்பார். பிறகு வேறொரு ஆளிடம் அதே விஷயத்தை மூன்று நிமிடத்தில், அப்புறம் இன்னொரு ஆளிடம் இரண்டு நிமிடத்தில். ஆள் புதிது என்பதால் சொல்கிறவருக்கு அலுப்பு வராது. விஷயம் பழையது என்பதால் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டாம். லெவெல்ட் சொன்ன முதல் வேலை முடிந்துவிட்டதால் மிச்சக் கவனம் எல்லாம் சொல்லுக்கும் இலக்கணத்துக்கும் போகும். வகுப்பு முழுக்க ஒரே இரைச்சலாக இருப்பதால் யார் காதிலும் யார் பிழையும் தனியாக விழாது. கூச்சப்படுகிற பிள்ளைக்கு அந்த இரைச்சலே பெரிய துணை.

விஷயத்தை அவர்கள் வீட்டிலிருந்து எடுக்கச் சொல்வேன். அம்மா பீடி சுற்றுகிற வீட்டிலிருந்து வந்த ஒரு மாணவி அதையே எடுத்துக்கொண்டார். முதல் தடவை, "லீஃப்... வாட்டர்... நைட்..." என்று தனித்தனிச் சொல்லாக வந்தது. சுளகு என்பதற்கு வார்த்தை தெரியாமல் கையாலேயே காட்டினார். தூள் வைப்பதையும் நூல் சுற்றுவதையும் விரல்கள்தான் பேசின. இரண்டாவது தடவை, ராத்திரி இலையை நனைத்துவைப்போம், காலையில் அளவுக்கு வெட்டுவோம் என்பது முழு வாக்கியமாக வந்துவிட்டது. மூன்றாவது ஆளிடம் போனபோது இரண்டு நிமிடத்தில் இலை வெட்டுவதிலிருந்து முனை மடக்குவது, கட்டு கட்டுவது வரை சொல்லி முடித்து, கடைக்காரர் இலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் பீடியை மட்டும் சரியாக எண்ணி வாங்குவதையும் சேர்த்துக்கொண்டார். காலம் காட்டும் வினை தப்புத்தப்பாகத்தான் இருந்தது. ஆனால் வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது, எதிரில் இருந்தவர் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

அந்த விருப்பம் முக்கியம். மெக்கின்டயரும் சக ஆய்வாளர்களும் 1998இல், ஒருவர் அயல்மொழியில் வாய்திறக்க எப்போது முன்வருகிறார் என்பதை ஆறு அடுக்குப் பிரமிடாக வரைந்தார்கள். வாய்திறப்பதற்கு நெருக்கமான அடுக்கில் இரண்டு விஷயங்களை வைத்தார்கள்: இந்தக் குறிப்பிட்ட ஆளிடம் பேச வேண்டும் என்கிற ஆசை, இந்த நேரத்தில் இருக்கிற நம்பிக்கை. தாராவி அண்ணாச்சிக்கு இரண்டும் தினமும் கிடைத்தன. எதிரில் நின்றவருக்குப் பருப்பு வேண்டும், இவருக்குக் காசு வேண்டும். ஆண்பால் பெண்பால் மாறிய வினைச்சொல்லைப் பற்றி இருவருக்கும் கவலையில்லை. ஆயிரம் தடவை பேசி ஆயிரம் தடவையும் சரக்கு விற்றுவிட்டது. அவருடைய நம்பிக்கை அப்படி வந்தது.

வில்லுப்பாட்டிலும் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. கதை சொல்லும் குழுத்தலைவரான அண்ணாவி ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" போடுவார்கள். கேட்பதற்குச் சும்மா ஒத்துப்பாடுவது போலத் தெரியும். உண்மையில் அடுத்த வரியை யோசிக்க அவருக்கு ஒரு மூச்சு நேரம் கிடைக்கிறது, தனியாக இல்லை என்கிற தெம்பும் கிடைக்கிறது. முக்கூடல் மாணவரை இன்னும் இரண்டு பேரோடு சேர்த்து, அதே முத்துப்பட்டன் கதையை ஆங்கிலத்தில் சொல்லவைத்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் இருந்தவர்கள், "எஸ், எஸ்" என்றார்கள்; சொல் வராதபோது எடுத்துக்கொடுத்தார்கள். உடைந்த ஆங்கிலம்தான். ஆனால் கதை பாபநாசம் மலையேறி முடிகிற வரைக்கும் அவர் உட்காரவில்லை.

பிழை திருத்துவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்த லைஸ்டரும் ராண்டாவும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் ஒரே வகை: மாணவர் தப்பாகச் சொன்னதை ஆசிரியர் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போவது. அது யாரையும் புண்படுத்தாது. ஆனால் தான் திருத்தப்பட்டதையே பல மாணவர்கள் கவனிக்கவில்லை. "எப்படி? இன்னொரு தடவை சொல்லு" என்று அவர்களையே திருத்தவைத்தபோதுதான் அதிகம் பேர் எடுத்துக்கொண்டார்கள். நம்ம ஊரில் இதைச் செய்யக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பேசிக்கொண்டிருக்கிற பிள்ளையை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "கம்மிங் இல்லை, ஐ ஆம் ஃப்ரம்" என்று சொன்னால் இலக்கணம் சரியாகும், ஆள் உட்கார்ந்துவிடுவார். குறித்துவைத்துக்கொண்டு, பேசி முடித்த பிறகு, பலருக்கும் வருகிற பிழை என்று பொதுவாகக் கரும்பலகையில் எழுதி அவர்களையே சரிபண்ணச் சொல்வது மேல்.

ஆசிரியர் என்னதான் செய்தாலும் தேர்வு முறை ஒரு பக்கம் இழுக்கிறது. பொதுத்தேர்வின் கனம் எல்லாம் எழுத்தில்தான். எழுதாதவருக்கு மார்க் போகும், பேசாதவருக்கு எதுவும் போகாது. 2012-13இலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்தபோதும் வகுப்பில் ஓடியது ஆங்கிலப் புத்தகமும் தமிழ் விளக்கமும்தான் என்று அங்கிருந்து வரும் பிள்ளைகளே சொல்கிறார்கள். 2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கும் இடம் கொடுத்திருப்பது நல்ல காரியம். ஆனாலும் ஒரு பிள்ளை வாழ்க்கையில் முதன்முதலாக முழுசாக ஐந்து நிமிடம் ஆங்கிலம் பேசுவது வேலைக்கான நேர்முகத் தேர்வில்தான் என்கிற நிலை இன்னும் மாறவில்லை. தோற்றால் நஷ்டமில்லாத இடத்தில் நடக்க வேண்டிய முதல் முயற்சி, தோற்றால் எல்லாம் போய்விடும் இடத்தில் நடக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை, "எனக்கு இங்கிலீஷ் வராது மேடம்" என்று சொன்னால், அதை எந்த ஊக்கப் பேச்சாலும் மாற்ற முடியாது. கையில் அனுபவமாகவே சான்று வைத்திருக்கிறது.

இப்போது இறுதியாண்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நேர்முகத்தில் கேட்கும் ஐந்தாறு கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஒன்றை எடுத்து, வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாகப் பேசி, சிரிக்க மாட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஒரு ஆளுக்கு அனுப்புங்கள். அண்ணன், அக்கா, கூடப் படிக்கிறவர், யாராக இருந்தாலும் சரி. அதே கேள்விக்கு மறுநாள் இன்னும் குறைந்த நேரத்தில் பேசி இன்னொருவருக்கு அனுப்புங்கள். பழைய நோட்டை அழிக்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் உங்கள் காதுக்கே தெரியும். வகுப்பில் வாயே திறக்காத சிலர் எனக்கு இப்படி ராத்திரி பத்து மணிக்கு மேல் நோட்டு அனுப்புகிறார்கள். பின்னணியில் டிவி ஓடும், அம்மா, "ஏட்டி, யாருகிட்ட பேசுத?" என்று கேட்பதும் பதிவாகியிருக்கும். நான் பிழை எதையும் திருத்துவதில்லை. அவர்கள் சொன்னதிலிருந்து ஒரு கேள்வி கேட்டு ஆங்கிலத்தில் பதில் நோட்டு அனுப்புகிறேன், அதற்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக.